மெத்தைக்கு அடியில் செப்புத் தகடுகள்

என்னைச் சூனியக்காரி என்று முதலில் சொன்னவர் என் புருஷனின் தாய், மாமி சபியா உம்மா. இரண்டாவதாகச் சொன்னவள் நான். மாமியை விட்டுவிடுங்கள், அவர் கோபத்தில் சொன்னார். பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் வாங்கி, பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளராக இருந்த நான் நிதானத்தோடு சொன்னேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

எண்பத்தெட்டாம் வருடம். நாட்டில் திறந்திருந்தவற்றைவிட மூடியிருந்தவை அதிகம். மலைநாட்டிலிருந்த எங்கள் பல்கலைக்கழகமும் மூடிக்கிடந்தது. ஆய்வுகூடத்தை யார் எப்போது கொளுத்துவார்கள் என்று தெரியாத காலம் என்பதால், பேராசிரியர் என் தகடுகளை என் கையிலேயே தந்து, "வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திரு, முடிந்தால் அளந்துகொண்டும் இரு" என்று அனுப்பிவிட்டார். பிஸ்கட் டின்னில் பஞ்சு சுற்றிக் கல்முனைக்குக் கொண்டுவந்தேன். வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் டின்னைத் திறந்து காட்டினேன். எல்லா ஆமிக்காரனும் பிஸ்கட் இல்லை என்ற ஒரே கவலையோடு மூடித் தந்தான்.

என் ஆய்வு இதுதான். செப்புத் தகட்டை நெருப்பில் வாட்டினால் மேலே செந்நிறமாக ஒரு ஒட்சைட்டுப் படை, துரு மாதிரி மெல்லிய அடுக்கு, வரும். அது அசேதனம், கனிமச் சாதி. அதன்மேல் மிக மெல்லியதாக ஒரு சாயத்தைப் பூசுவோம். அது சேதனம், கரிமச் சாதி. அதற்கும் மேலே, உலோகம் பூசிய சிறு கண்ணாடி. வெயில் பட்டால் மின்னோட்டம் ஒன்று வரும், எறும்பு மூத்திரம் அளவுக்கு. சாயத்தைப் பற்றி எழுத இரசாயனக்காரர்கள் இருக்கிறார்கள். ஒட்சைட்டைப் பற்றி எழுத எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில், அந்த இடைமுகத்தில், இலத்திரன் என்கிற மின்துகள் சிலநேரம் ஓடிக் கடப்பதும் சிலநேரம் வண்டில் மாடு மாதிரி முரண்டு பிடிப்பதும் ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்தத் தொடும் இடம்தான் என் பாடம்.

உம்மாவுக்கு இதைச் சொன்னேன். என் உம்மா ஆயிஷா உம்மா கருவாடு கழுவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டுக்கும் நடுவுல என்ன மகள் இரிக்கி?"

"நடுவுல ஒண்டும் இல்ல உம்மா. தொடுற இடம், அவ்வளவுதான்."

"ஒண்டுமில்லாததுக்கா அரசாங்கம் சம்பளம் தருது?" என்று கேட்டுவிட்டுக் கருவாட்டோடு குசினிக்குள் போய்விட்டார்.

எங்கள் வீடு கல்முனைக்குடியில், கடலுக்குக் கிட்ட. கடற்காற்று என் ஆய்வின் முதல் எதிரி. டின்னை அலுமாரிக்குள் வைத்தேன். கொஞ்ச நாளில் சில தகடுகளில் சாயப்படை ஓரத்தில் கிளம்பத் தொடங்கியது, ஆறிய பாலில் ஆடை கிளம்புகிற மாதிரி. உப்பும் ஈரமும் அந்தத் தொடும் இடத்துக்குள் புகுந்துவிட்டன. தகடு இருட்டில் இருக்க வேண்டும், உலர்ந்து இருக்க வேண்டும், மேலே கண்ணாடி சீராக அழுந்தியும் இருக்க வேண்டும். அப்படி ஓர் இடத்தை வீடு முழுக்கத் தேடிக் கடைசியில் கட்டிலில் கண்டுபிடித்தேன். இலவம்பஞ்சு மெத்தைக்கு அடியில்.

முதலில் என் பக்கம் வைத்துப் பார்த்தேன். சரிவரவில்லை. நான் ஒல்லி, போதாததற்கு உருளுகிறவள். என் புருஷன் ஜவுபர் பசாரில் புடவைக்கடை வைத்திருப்பவர், கனமான மனிதர். படுத்தால் விடியற்காலைச் சுபஹு பாங்குக்குத்தான் அசைவார். ஒரு ஆய்வாளருக்கு அல்லாஹ் தந்த வசதி அது.

"குத்துமா?" என்று கேட்டார்.

"குத்தாது."

"அப்ப வையி."

எங்களுக்குள் நடந்த விஞ்ஞானக் கலந்துரையாடல் இவ்வளவுதான். அவர் பக்கத்தில் வைத்த தகடுகள் பழுதே ஆகவில்லை.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி நழுவாமல் இருக்க ஒவ்வொரு தகட்டையும் கறுப்பு நூலால் கட்டியிருந்தேன். அடையாளத்துக்காக மூலையில் ஊசியால் எழுத்துக் கீறியிருந்தேன். ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்த பெடியன் ஆங்கில எழுத்தையெல்லாம் தன் தகடுகளுக்கு எடுத்துவிட்டான். ஆகவே நான் அலிபு, பே, தே, ஜீம் என்று அறபு எழுத்தில் போட்டேன். ஜீம் வரிசைதான் எல்லாவற்றிலும் திறமாக வேலை செய்தது.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். புருஷன் படுக்கிற பக்கம், மெத்தைக்கு அடியில், கறுப்பு நூல் கட்டிய செப்புத் தகடு, அதில் அறபு எழுத்து. எங்கள் ஊரில் ஒருத்தி புருஷனை மயக்கி வைத்திருக்கிறாள் என்று நிரூபிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? எனக்கு இது ஒருநாளும் மண்டையில் ஏறவில்லை. படித்த கழுதை என்று ஒரு சாதி உண்டு, நான் அதில் ஒருத்தி.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணுக்கு. ஆக, மகனைப் பெற்ற தாய்க்கு ஒருநாள் வீடு வெறிச்சோடிப் போகும். சபியா உம்மாவுக்கு ஜவுபர் ஒரே மகன். கலியாணம் முடிந்த புதிதில் கிழமைக்கு ஒருதரம் தாயைப் பார்க்கப் பாலமுனைக்குப் போனார். பிறகு குறைந்தது, பிறகு நின்றுவிட்டது. ஊரடங்கு என்றார், கடையில் சனம் என்றார். உண்மையான காரணம் சோம்பலும், என் உம்மா வைக்கிற இறைச்சி ஆணம் என்ற குழம்பும்தான். ஆனால் எந்தத் தாய் தன் மகனைச் சோம்பேறி என்று ஒத்துக்கொள்வாள்? எவளோ என்னவோ செய்துவிட்டாள் என்று நினைப்பது மனசுக்கு எவ்வளவோ ஆறுதல்.

ஒருநாள் காலையில் மாமி தொதல் இனிப்புப் பாத்திரத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஜவுபர் கடைக்குப் போயிருந்தார். மாமி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குறை கண்டுபிடிக்க வந்தவருக்கு எங்கள் உம்மா எதையும் மிச்சம் வைக்கவில்லை. கடைசியில் அறைக்குள் நுழைந்து, "இந்த மெத்தைய எப்பயாச்சும் வெயில்ல போட்ட நீங்களா?" என்று கேட்டபடியே ஒரு மூலையைத் தூக்கினார்.

அவர் போட்ட சத்தத்தில் கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன.

"என்ட றப்பே! என்ட புள்ளைக்குத் தகடு வெச்சிரிக்காளே!"

நான் ஓடிப்போய், "மாமி, அத நூலோட அமத்தாதீங்க, கண்ணாடி விலகிரும்" என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். அது என் குற்றத்தை இன்னும் உறுதியாக்கியது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பக்கீர் முகைதீன் பரிசாரியாருக்கு ஆள் போனது. வீடுவீடாகப் போய்ச் செய்வினை எடுப்பதுதான் அவர் தொழில். இதெல்லாம் கூடாது என்று பள்ளிவாசலில் ஒவ்வொரு கிழமையும் சொல்வார்கள். கேட்டுத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து அவரைத்தான் தேடுவார்கள். அவர் வருவதற்குள் எங்கள் வளவு நிறையச் சனம். பரிசாரியார் கதிரையில் உட்கார்ந்து, லேஞ்சித் துணியால் ஒரு தகட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. தொழில்காரனுக்கு வேறொரு தொழில்காரன் மேல் வருகிற பொறாமை.

"இது நம்மட ஊரு வேல இல்ல," என்றார். "எங்க செஞ்ச?"

"மலைநாட்டில," என்றேன். பொய் சொல்ல என்ன இருக்கிறது?

மலைநாட்டுச் செய்வினை என்றால் எங்கள் ஊருக்குத் தனிப் பயம், சனம் ஓரடி பின்வாங்கியது.

"தனியாச் செஞ்சயா?"

"இல்ல. பேராசிரியர் ஒராள் காட்டித் தந்தவர்."

"நம்மட ஆளா?"

"இல்ல, சிங்கள ஆள்."

"நெருப்புல வாட்டின நீயா?"

"ஓம். செக்கச்செவேலெண்டு வருமட்டும்."

"மேல பூசினது என்ன? ரெத்தமா?"

"சாயம். முதல்ல செவ்வரத்தம்பூவில எடுத்துப் பாத்தம், சரிவரல்ல. மறுகா வேற சாயம் போட்டம்."

"செவ்வரத்தம்பூ," என்று, செம்பருத்தி இல்லாத செய்வினை ஏது என்பதுபோல, பரிசாரியார் மாமியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "ஏன் இருட்டில வெச்ச?"

"வெளிச்சம் பட்டா வேல செய்யத் துவங்கிரும்."

என் உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொரு உண்மையும் என்னை இன்னும் கொஞ்சம் ஆழத்தில் தள்ளியது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கோபம் வந்தால் நான் விளக்கம் சொல்கிறவள், அது என் பெரிய வியாதி.

"எல்லாரும் வாங்க முற்றத்துக்கு, காட்றன்," என்று மின்னோட்டம் அளக்கிற என் மீட்டரைக் கொண்டுவந்து ஜீம் தகடு ஒன்றில் வயரைக் கொடுத்து வெயிலில் வைத்தேன். மீட்டரின் முள் எழும்பியது. "பாத்தீங்களா, இது சூரியனால வாறது. இப்ப நான் கையால மறைச்சா..." கையை மேலே பிடித்தேன். முள் படுத்தது. கையை எடுத்தேன். எழும்பியது.

மாமிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அவட கை சொல்றதக் கேக்குது, பாத்தீங்களா! இப்பிடித்தான் என்ட மகனையும் ஆட்டி வெச்சிரிக்காள்."

இந்த நேரம் பார்த்து ஜவுபர் பகல் சாப்பாட்டுக்குச் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சனத்தை விலக்கிக்கொண்டு வந்தவருக்கு ஆளுக்கொரு பக்கமாக விஷயத்தைச் சொன்னார்கள். அவர் என்னைக் காப்பாற்றத்தான் நினைத்தார், பாவம்.

"எனக்குத் தெரியும் உம்மா. நான்தானே வைக்கச் சொன்ன. ஒவ்வொரு நாளும் நான்தானே அதுக்கு மேல படுக்கிற."

பரிசாரியார் எழுந்தே விட்டார். "கட்டுண்டவனே வந்து 'நான்தான் கட்டச் சொன்ன' எண்டு சொன்னா, கட்டு எவ்வளவு பலம் எண்டு பாத்துக்கங்க."

தீர்ப்பு உடனே வந்தது. தகடுகள் எல்லாம் மாலை அசர் தொழுகைக்கு முன்னால் தோணியில் கொண்டுபோய் ஆழத்தில் போடப்பட வேண்டும். மாமி அதற்கு மேலும் ஒரு படி போனார். போடவிடாவிட்டால் மகனை இன்றைக்கே பாலமுனைக்குக் கூட்டிப்போவாராம். கொடியில் கிடந்த ஜவுபரின் சேட்டுகளை மடிக்கவும் தொடங்கிவிட்டார்.

தகடுகள் கடலுக்குப் போனால் என் ஆய்வுப் பட்டம் போகும். அந்த நாளில் அந்தச் சாயத்தை வாங்க இலங்கையில் ஒரு கடை இல்லை, பேராசிரியர் வெளிநாட்டில் எவரையோ கெஞ்சி ஒரு சின்னப் போத்தல் எடுத்திருந்தார், அது முடிந்துவிட்டது. பட்டம் இல்லாவிட்டால் வேலை நிரந்தரமாகாது. வருடக்கணக்காகக் கைவிரல் சுட்டுச் செய்த தகடுகளை ஒரு மீன் தோணியில் ஏற்றி அனுப்பப் போகிறார்கள். நான் ஜவுபரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை உறுதியாகச் சொன்னால் போதும். அவர் குசினிப் பக்கம் பார்த்துவிட்டு, "சோத்தத் தின்டுட்டுக் கதைப்பமே உம்மா" என்றார். அவர் கழுத்தை மீட்டர் வயரால் நெரிக்கலாம் போல இருந்தது.

தோணிக்கு ஆள் போயிருந்தது. பரிசாரியார் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே சனத்துக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ ஓர் ஊரில் முறை தெரியாமல் தகட்டை எடுத்துக் கடலில் வீசினார்களாம், கட்டுண்ட புருஷனும் தகட்டின் பின்னாலேயே தூக்கத்தில் நடக்கிறவன் மாதிரி கடலுக்குள் நடந்துபோனானாம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காலையிலிருந்து விஞ்ஞானம் ஒரு சல்லிக்கும் உதவவில்லை. இது உதவும்.

"ஓம்," என்றேன் சத்தமாக. "நான்தான் வெச்ச. தகடு வெச்சது நான்தான்."

உம்மா அழத் தொடங்கினார். அந்த அழுகை எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது. வெட்கத்தில் என் காது சுட்டது. பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கிய என்னைத் தெரிந்த அத்தனை பேரும் அந்த வளவில் நின்றார்கள்.

"ஆனா ஒண்டு," என்றேன். "பரிசாரியார் சொன்னது சரி. கட்டினவ அவுக்காம இதக் கடல்ல போட்டா, கட்டுண்டவரும் கடலுக்குத்தான் போவார். போடுறயள் எண்டாப் போடுங்க. மறுகா என்னக் கேக்காதீங்க."

மாமியின் கையில் இருந்த சேட்டு கீழே விழுந்தது. எல்லோரும் பரிசாரியாரைப் பார்த்தார்கள். தான் இப்போதுதான் சொன்ன கதையைத் தானே எப்படி மறுப்பார்? தேத்தண்ணீரை விழுங்கிவிட்டு, "ஓம், அப்பிடியும் ஒரு வகை இரிக்கிதான்" என்றார்.

"அப்ப எப்பிடி அவுக்கிற?" மாமி என் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் கொஞ்சமா. ஒவ்வொரு நாளும் உச்சி வெயில்ல வெச்சு, முள்ளப் பாத்து, எழுதி வெக்கணும். கெதியா அவுத்தா ஆபத்து. அதுவரைக்கும் தகடு அவர்ட மெத்தைக்குக் கீழதான் இரிக்கணும். ஒருத்தரும் தொடப்படாது."

பரிசாரியார் கட்டணத்துக்குப் பதிலாக எங்கள் சேவலைக் கால் கட்டித் தூக்கிக்கொண்டு போனார். சனம் கலைந்தது. ஜவுபர் ஒருவழியாகச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி கேட்டார்.

"நீ சொன்னது பொய்தானே?"

"பொய்தான்."

"ம். ஆருக்கும் சொல்லாத. ஒருத்தி எனக்காக இவ்வளவு பாடுபட்டாள் எண்டா, கடையில எனக்கு ஒரு மரியாததானே."

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் என் ஆய்வின் பொற்காலம். ஒவ்வொரு பகலும் முற்றத்தில் தகடுகளைப் பரப்பி அளந்தேன். ஒரு பிள்ளை கிட்ட வரவில்லை, அயலவர்கள் ஒரு கோழியைக்கூட உள்ளே விடவில்லை. தெருவில் போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். எந்த ஆய்வுகூடத்திலும் எனக்கு அப்படி ஒரு அமைதி கிடைத்ததில்லை. உப்புக் காற்றில் அந்தத் தொடும் இடம் எப்படிச் சாகிறது, மிதமான சீரான அழுத்தம் அதை எப்படிக் காப்பாற்றுகிறது என்று படிப்படியாகப் பிடிபட்டது. மிதமான சீரான அழுத்தம் என்று ஆய்வில் எழுதியிருப்பது ஜவுபரைத்தான். நன்றியுரையில் அவர் பெயர் வேறு காரணம் சொல்லி வருகிறது.

உம்மாதான் கஷ்டப்பட்டார். கலியாண வீடுகளில் அவர் பக்கத்தில் உட்காரப் பயந்தார்கள். சிலர் பின்வளவால் வந்து மெல்லிய குரலில் எனக்குத் தகடு வைக்கிற வேலை தரவும் பார்த்தார்கள். துரத்திவிட்டேன்.

கடைசியில் பல்கலைக்கழகம் திறக்கப்போவதாக வானொலியில் சொன்னார்கள். நான் தகடுகளைப் பஞ்சில் சுற்றிக்கொண்டிருந்தபோது மாமி வந்தார். அன்றைக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப்படி ஏறியதே இல்லை. தொதல் இல்லை, சத்தம் இல்லை. குசினி வாங்குப் பலகையில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் கொண்டு போறயா?"

"ஓம் மாமி. எல்லாம் அவுத்தாச்சி. பயப்படாதீங்க."

"அதில ஒண்ட எனக்குத் தாவன்."

எனக்கு விளங்கவில்லை. "எதுக்கு மாமி?"

"அவன் வரணும்." சீலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "ஒரேயடியா வரச் சொல்லல்ல. வந்து ஒரு பிடி சோறு தின்டுட்டுப் போனாப் போதும். ஒனக்கு அவன்ட மனச இழுக்கத் தெரியும். எனக்குத் தெரியல்ல."

நான் உண்மையைச் சொல்லப் பார்த்தேன். "மாமி, அது வெறும் செம்பு. மேல ஒரு சாயம். அண்டைக்கு நான் சொன்னது பொய்..."

"விளங்குது புள்ள. கடல்ல போடச் சொன்னவளுக்கு ஆரு தருவா," என்று எழுந்தார்.

நான் சொன்ன உண்மைகூட, தரமாட்டேன் என்று சொல்கிற மாதிரித்தான் அவருக்குக் கேட்டது. எனக்கு அழுகையும் வந்தது, ஜவுபர்மேல் கோபமும் வந்தது. ஊரே திரண்டு கேட்டபோது கொடுக்காதவள், பஞ்சைப் பிரித்து ஜீம் வரிசையில் மிகத் திறமான தகட்டை எடுத்தேன். நான் ஆரம்பத்திலிருந்து ஒருநாள் விடாமல் அளந்துவந்த தகடு அது. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

"எங்க வெக்கிற?"

"அவர் படுக்கிற மெத்தைக்குக் கீழ," என்றேன். வேறு என்ன சொல்ல?

"அது லேசு. அவன்ட மெத்த, அவன் கடைசியா வந்த அண்டைக்கு விரிச்ச மாதிரியேதான் கிடக்கு. நான் சுருட்டவே இல்ல," என்று சொல்லிவிட்டுத் தகட்டைச் சீலைக்குள் ஒளித்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு ஜவுபர் கடையால் வந்ததும் நான் அவரைத் திட்டிய திட்டு தெருமுனைவரைக்கும் கேட்டிருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பாலமுனைக்குப் போகாவிட்டால் இந்த வீட்டில் ஆணம் கிடையாது என்றேன். போனார். தின்றார், அந்த மெத்தையில் ஒரு தூக்கம் போட்டார், அந்திக்குத்தான் வந்தார். அடுத்த வெள்ளியும் போனார். பிறகு நான் சொல்லாமலே போகத் தொடங்கினார். பாலமுனையில் தகட்டுக்காரி என்ற என் பெயர் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது.

ஆய்வைச் சமர்ப்பித்து நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். பரீட்சகர் வெளியூர்க்காரர், கண்ணாடியைத் தூக்கிவிட்டு அட்டவணையைப் பார்த்தார். ஜீம் வரிசையில் ஒரு தகட்டின் அளவீடுகள் பாதியில் நிற்கின்றன, அதுவும் இருப்பதிலேயே நல்ல தகடு, அது பழுதாகிவிட்டதா என்று கேட்டார்.

"இல்லை சேர்," என்றேன். "அது பாலமுனையில் பயன்பாட்டில் இருக்கிறது."